நனைந்த கொலு பொம்மையை வெயிலில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலு முடிந்து பொம்மைகளைக் கட்டி வைக்கும் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்து, கட்டிலுக்கடியில் இருந்த மாமியார் காலத்துத் தசாவதார செட் நனைந்துவிட்டது.

"வெயிலில் வையுங்கள் மாமி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதை மட்டும் செய்யக்கூடாது. மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும். மண் வெடித்து வர்ணம் செதில் செதிலாக உரியும். ஈரத்தோடு துடைத்தால் சாயம் துணியோடு வந்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, பழைய வேட்டியின் மேல் வைத்துப் பொறுமையாகக் காயவிட வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டிக்கொள்ளும். (உங்கள் பத்திரிகையைக் குறை சொல்லவில்லை!) காகிதக்கூழ் பொம்மை ஊறினால் தொளதொளவென்று ஆகிவிடும், தலையைப் பிடித்துத் தூக்காமல் அடியில் இரண்டு கையும் கொடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் மென்மையான பிரஷ்ஷால் சேற்றைத் தட்டினால் போதும்.

வராகரின் மூக்கு மட்டும் கரைந்தே போய்விட்டது. சரி செய்து தர ஆள்தான் கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் புது செட்டைத்தான் காட்டுகிறார்கள்.

தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் ஆண்டுதோறும் நடத்தும் கொலு பொம்மைக் கண்காட்சியில், விளாச்சேரி, காஞ்சிபுரம் கைவினைஞர்களை உட்காரவைத்துப் பழைய பொம்மைகளைப் பழுதுபார்க்க ஓர் இடம் ஒதுக்கலாமே? கூலி கொடுக்க எங்களைப் போன்றவர்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை