வெட்டல சாமியார் ஆக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க.

போன இதழ்ல ஃபார்முலா ஒன் கார் ரேஸ் வீரர் செபாஸ்டியன் வெட்டல் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். தேனீ மேல அவருக்கு இருக்கற அக்கறை, 2021-ல சில்வர்ஸ்டோன் ரேஸ் முடிஞ்சதும் கேலரில குப்ப பொறுக்குனது, 2024-ல இமோலால ரேஸ்ல உயிர விட்ட சாம்பியன் சென்னாவோட பழைய மெக்லாரன் கார ஓட்டி அஞ்சலி செலுத்துனது, எல்லாம் நெசந்தான், நானும் பாத்து நெகிழ்ந்தவன் தான். ஆனா படிச்சு முடிக்கறப்ப இந்த ஆளு எப்படி நாலு தடவ உலக சாம்பியன் ஆனாருன்னே புரியலைங்க, ஏதோ ஆசிரமத்துல இருந்து நேரா வந்து கப்ப வாங்கிட்டுப் போன மாதிரி எழுதியிருக்கீங்க.

எங்க கோயம்புத்தூர்ல ரேஸ் பாக்கற யாரும் 2012 மலேசியாவ மறக்க மாட்டாங்க. நம்ம நரேன் கார்த்திகேயன் ஓட்டுனது எச்ஆர்டிங்கற சின்ன டீமோட கார், கிளம்பற வரிசைலயே கடைசில நிக்கற கார். அன்னிக்கு மழைக்கான டயர மொதல்லயே போட்டுக் கிளம்புனதால, மழை கொட்டி ரெட் ஃப்ளாக் காட்டி ரேஸ நிறுத்துனப்ப மனுசன் 10-வது இடத்துல நின்னாரு! அப்புறம் ட்ராக் காஞ்சதும் பழையபடி பின்னால போயிட்டாரு, அந்தக் கார் அவ்ளோதான். கடைசி லேப்புங்கள்ல நாலாவதா வந்துட்டிருந்த வெட்டல் இவர லேப் பண்ணி, அதாவது ஒரு முழு சுத்து முந்தித் தாண்டறப்ப உரசி, வெட்டலோட பின் டயர் கிழிஞ்சு, 11-வதா முடிச்சு ஒரு பாயின்ட் கூட வாங்கல. போற போக்குல நடு விரல காட்டுனாரு, எறங்குனதும் டிவில ரோட்டுல தான் முட்டாளுங்க ஓட்டறாங்கன்னா இங்கயும் ஒருத்தர் இருக்காருங்கற மாதிரி பேசுனாரு. நரேன் சும்மா இருப்பாரா, அழுமூஞ்சின்னு திருப்பிக் குடுத்தாரு. ஆனா 20 செகண்ட் பெனால்டி விழுந்தது நரேனுக்கு.

எனக்கு அன்னிக்கு வந்த கோவத்துக்கு வெட்டல் போஸ்டர கிழிச்சுப் போட்டிருப்பேன். ஆனா கணக்குப் பாருங்க, நாலாவது எடத்துக்கு 12 பாயின்ட், அந்த வருஷக் கடைசில பிரேசில்ல போட்டியா இருந்த ஃபெராரி டிரைவர் அலோன்சோவ முந்தி சாம்பியன் ஆனது வெறும் 3 பாயின்ட்ல (281-278). ஒவ்வொரு பாயின்ட்டும் தன்னோடதுன்னு நெனைக்கற வெறி இல்லாதவன் அந்த டைட்டில ஜெயிச்சிருக்க மாட்டான், அந்த வெறி தான் நடு விரலாவும் வெளிய வருது, ரெண்டும் வேற வேற ஆளில்லீங்க.

அடுத்த வருஷம் அதே மலேசியால டீம் 'மல்டி 21'னு கோட் சொல்லி அதே டீம்ல கூட ஓட்டுன வெப்பர் தான் முன்னால இருக்கணும்னு உத்தரவு போட்டும் இவரு கேக்கல, தாண்டிப் போய் ஜெயிச்சுட்டாரு. அன்னிக்கு மன்னிப்பு, சைனாவுக்கு வந்ததும் மறுபடி அதையே தான் செஞ்சிருப்பேன்னாரு. 2017 பாகுல சேஃப்டி கார் (ஆபத்து நேரத்துல வேகத்தக் குறைக்க எல்லாருக்கும் முன்னால போற கார்) பின்னால போறப்ப எதிர் டீம் டிரைவர் லூயிஸ் ஹாமில்டன் கார வேணும்னே இடிச்சது தனிக் கதை.

ஆனா உங்க கட்டுரைல கண்டிப்பா இருந்திருக்க வேண்டியது 2019 கனடா. மொதல்ல வந்தவரு வெட்டல், 5 செகண்ட் பெனால்டி போட்டதால ஜெயிச்சது ஹாமில்டன். வெட்டல் கார வேற எங்கயோ நிறுத்திட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டு திரும்ப வந்து, ஹாமில்டன் கார் முன்னால இருந்த, மொத எடத்தக் காட்டற 1-ங்கற போர்டத் தூக்கி தன் கார் நிக்க வேண்டிய காலி எடத்துல வச்சாரு, 2-ஐ கொண்டு போய் ஹாமில்டன் கார் முன்னால வச்சாரு. உலகமே பாக்குது, 4 தடவ சாம்பியன், பண்றது சின்னப் புள்ள வேல! கொஞ்ச நேரத்துல பரிசு மேடைல (போடியம்) நின்னப்ப கூட்டம் ஹாமில்டன பாத்து கூச்சல் போட, அதே ஆளு தான் லூயிஸ ஒண்ணும் சொல்லாதீங்க, தீர்ப்பத் திட்டுங்கன்னு அடக்குனாரு. எனக்கு அவர ரொம்பப் புடிச்சுப் போனது அன்னிக்குத் தாங்க.

இத எல்லாம் விட்டுட்டு தேனீய மட்டும் போட்டா எப்படி? இன்னொண்ணு, மூணு பக்கக் கட்டுரைல நரேன் பேரே இல்ல. அடுத்த இதழ்ல அந்த மழை ரேஸ பத்தி ஒரு பக்கமாச்சும் போடுங்க, 10-வது எடத்துல எச்ஆர்டி நிக்கற ஸ்கோர்போர்டு படம் கெடச்சா அதையும் சேத்து.

இப்படிக்கு,
உங்க நீண்டகால வாசகர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.