பழைய பாட்டையே கேட்கும் கூட்டம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் புதிதாக உருவாக்கிய பாடல்களை மேடையில் தொடங்கியதுமே கூட்டத்தின் கவனம் கலைந்துவிடுகிறது என்றும், முதன்முதலில் உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த ஒரே பாட்டைத்தான் போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள் என்றும், அதனால் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். பாட்டு எப்படி அமைய வேண்டும் என்று சொல்ல நான் இசைக்கலைஞன் அல்லன். ஆனால் நீ விட்டுச்சென்ற, ரேடியோஹெட் என்ற ராக் இசைக்குழுவின் ஆல்பங்களையும் அவர்களுடைய மேடை நிகழ்ச்சிப் பதிவுகளையும் விடாமல் கேட்டுவருகிறவன் என்ற முறையில், இதே சிக்கலை அவர்கள் எத்தனை ஆண்டுகள் சுமந்தார்கள், எப்படிக் கடந்தார்கள் என்பதை உனக்கு விரிவாக எழுத விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள அபிங்டன் பள்ளியில் 1985ஆம் ஆண்டு ஒன்றுசேர்ந்த பாடகர் தாம் யார்க், ஜானி கிரீன்வுட், அவர் அண்ணன் காலின் கிரீன்வுட், எட் ஓ’பிரையன், ஃபிலிப் செல்வே ஆகிய அதே ஐந்து பேர்தான் இன்றுவரை அந்தக் குழு. அவர்களுடைய ‘க்ரீப்’ 1992இல் வெளிவந்தபோது சொந்த நாட்டில் எடுபடவில்லை. சோர்வூட்டும் பாட்டு என்று பிபிசி வானொலியிலேயே ஒதுக்கினார்கள். பிறகு இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வானொலி வழியே பரவி, 1993இல் உலகம் முழுவதும் ஒலித்தது. அங்கேதான் தொல்லை தொடங்கியது. அந்த ஒரு பாட்டுக்காக வந்தவர்கள், அதைக் கேட்டு முடித்ததும் எழுந்து போனார்கள். அடுத்த ஆல்பத்துக்கு உழைக்க வேண்டிய காலத்தில், பழையதையே ஊர் ஊராகத் திரும்ப வாசிக்கும் நிலை ஏற்பட்டது.

அந்தக் கசப்பை அவர்கள் பாட்டாகவே ஆக்கினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அயர்ன் லங் என்பது நோயாளியை உள்ளே படுக்கவைத்து மூச்சுவிடச் செய்யும் எந்திரம். ‘மை அயர்ன் லங்’ என்ற பாட்டு, அதைப்போலத் தங்களை உயிரோடு வைத்திருந்தும் படுக்கையோடு கட்டிப்போட்ட அந்த வெற்றியைப் பற்றியது. ஆல்பத்தில் நாம் கேட்பது 1994 மே மாதம் லண்டன் அஸ்டோரியா அரங்கில் ரசிகர்கள் முன்னிலையில் வாசித்ததன் பதிவு. குரலை மட்டுமே பின்னர் மாற்றிச் சேர்த்தார்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் பிடிபடாத ஒன்று மேடையில் பிடிபட்டது என்பதை அவர்கள் அப்போதே ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் குழுவில் யாரும் இதைப் பற்றிப் பேசியதாக நீ எழுதவில்லை, பேசிப் பாருங்கள்.

சென்ற மாதம் உங்கள் மானிட்டர், அதாவது வாசிப்பவர்களுக்கே தங்கள் இசையைக் கேட்கச் செய்யும் மேடை ஒலிபெருக்கி, பாதியில் நின்றுபோனதற்கு நீ மனம் உடைந்துபோனாய் அல்லவா? 1997 ஜூன் 28 அன்று கிளாஸ்டன்பரி விழாவில் அவர்களுக்கும் அதுவே நேர்ந்தது. ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பம் வெளிவந்த சில வாரங்களில், சேற்றில் நின்றிருந்த பெருங்கூட்டத்தின் முன், மானிட்டர்கள் பழுதாகித் தாங்கள் வாசிப்பதே காதில் விழாமல், கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளால் எதிரே ஒருவரையும் பார்க்க முடியாமல் தவித்த யார்க், மேடையை விட்டு இறங்கிவிடத் துணிந்தார். ஓ’பிரையன் தடுத்து நிறுத்தினார். விளக்குகளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பச் சொல்லி, எதிரே நிற்கும் மனிதர்களின் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவரால் தொடர்ந்து பாட முடிந்தது. அந்த விழாவின் வரலாற்றில் தலைசிறந்த நிகழ்ச்சிகளில் ஒன்றாக அந்த இரவை இன்றும் சொல்கிறார்கள்.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் உன் கேள்விக்கு நேரான விடை. கிதார் குழு என்று உலகம் கொண்டாடிய நேரத்தில் கிதாரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த ‘கிட் ஏ’ ஆல்பத்தில் மின்னணு இசையும் ஜாஸ் பாணிக் காற்று வாத்தியங்களும் இருபதாம் நூற்றாண்டுச் செவ்விசையும் கலந்திருந்தன. ‘இடியோடெக்’ பாட்டின் அடிநாதமாக ஒலிப்பது பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973இல் கணினியில் அமைத்த ஓர் இசைத்துண்டு. ஜானி கையாளும் ஓந்த் மார்த்தனோ என்ற பிரெஞ்சு மின்வாத்தியத்தில், விரலில் அணிந்த மோதிரம் கம்பியோடு நகர நகரச் சுரம் வழுக்கிச் செல்வதைக் கேட்கும்போது, வீணையில் கமகம் இழைவது போலவே எனக்குத் தோன்றும்.

இவ்வளவு பெரிய மாற்றத்தை அவர்கள் திடீரென்று ரசிகர்கள் தலையில் இறக்கிவிடவில்லை. அதே ஆண்டுக் கோடையில், ஆல்பம் வெளிவருவதற்குப் பல வாரங்கள் முன்பே, ஐரோப்பிய மேடைகளில் புதிய பாடல்களை வாசித்துக் காட்டினார்கள். பார்சிலோனாவில் வாசித்தது மறுநாளே, இணையத்தில் பாடல்களைப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் வழியாகப் பரவியது என்றும், மூன்று வாரம் கழித்து இஸ்ரேலுக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் அந்தப் பாடல்களின் வரிகளை அறிந்திருந்தார்கள் என்றும் காலின் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். பின்னர், நிறுவன விளம்பரம் எதுவும் கண்ணில் படாத தங்கள் சொந்தக் கூடாரத்தையே ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தி அதற்குள் வாசித்தார்கள். தனிப்பாடலோ வழக்கமான காணொளியோ வெளியிடாமலேயே அந்த ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது.

மேடையில் அவர்கள் அந்தப் பாடல்களை எப்படி உயிர்ப்பிக்கிறார்கள் என்பதைக் கவனித்துப் பார். ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’ பாட்டில் யார்க் கீபோர்டில் அமர்ந்து பாட, ஜானி தரையில் குனிந்து ஒரு சிறு கருவியில் அந்தக் குரலை அப்போதைக்கப்போதே பிடித்து, துண்டாக்கி, திருப்பிப் போட்டு வாசிக்கிறார். அனைவரும் இறங்கிப் போன பின்னும் அந்தக் குரல் துண்டுகள் அரங்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘தி நேஷனல் ஆன்தம்’ தொடங்கும்போது அந்தந்த ஊரின் வானொலி நிலையம் ஒன்றைத் திருகிப் பிடித்து, செய்தியோ விளம்பரமோ எது வந்தாலும் இசையோடு கலந்துவிடுகிறார். ஒரே பாட்டுதான், ஆயினும் ஓர் ஊரில் கேட்டது இன்னோர் ஊரில் இருக்காது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்துண்டுகளான லூப்களை அடுக்கிக் கட்டிய ‘தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்’ ஆல்பத்தின் தாளத்தை ஒருவரால் வாசிக்க இயலாது என்று கண்டதும், 2011இல் கிளைவ் டீமர் என்ற இரண்டாவது டிரம்மரை மேடைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். குழுவின் டிரம்மரான செல்வே அதைத் தனக்கு நேர்ந்த குறையாகக் கருதாமல் அவரோடு இணைந்து வாசித்தார். உங்கள் டிரம்மரிடம் இந்தப் பதிவைப் போட்டுக் காட்டு.

2007இல் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை, விரும்பிய விலை கொடுத்து இணையத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்ததை நீ அறிவாய், அதை நீட்டவில்லை.

ஒரு துயரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2012 ஜூன் 16 அன்று டொரண்டோவில், ரசிகர்களை உள்ளே விடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு, திறந்தவெளி மேடையின் கூரைக் கட்டமைப்பு சரிந்து விழுந்து, டிரம் கருவிகளைக் கவனித்துவந்த அவர்களுடைய பணியாளர் உயிரிழந்தார். 2018இல் மீண்டும் அந்த ஊருக்கு வந்தபோது, அந்த மரணத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்பதை யார்க் மேடையிலேயே சொன்னார். அரங்கமே மௌனம் காத்தது. மேடை ஏறும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

இனி அந்தப் பழைய பாட்டுக்கு வருகிறேன். ‘க்ரீப்’ பாட்டை அவர்கள் ஆண்டுக்கணக்கில் மேடைப் பாடல் பட்டியலிலிருந்து விலக்கியே வைத்தார்கள். 2001 ஜூலையில் சொந்த ஊரான ஆக்ஸ்ஃபோர்டின் சவுத் பார்க்கில் வாசித்தபோது, கடைசிப் பாட்டுக்கான ஆர்கன் பழுதாகிவிடவே, அதற்குப் பதிலாக ‘க்ரீப்’ பாடினார்கள். 2009இல் ரெடிங் விழாவில், யாரும் எதிர்பாராத வகையில், அதையே முதல் பாட்டாக வைத்தார்கள். பிறகு மீண்டும் விட்டுவிட்டு, 2016இல் பாரிசில் எடுத்தார்கள். பாடியதும் அவர்கள் விருப்பம். பாடாமல் விட்டதும் அவர்கள் விருப்பம். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின், 2025ஆம் ஆண்டின் இறுதியில், மாட்ரிட், பொலோன்யா, லண்டன், கோபன்ஹேகன், பெர்லின் ஆகிய ஐந்து நகரங்களில் நகரத்துக்கு நான்காக இருபது நிகழ்ச்சிகள் நடத்தியபோது, அரங்கின் நடுவே மேடை அமைத்து, சுற்றிலும் ரசிகர்கள் நிற்க, இரவுக்கு இரவு பட்டியலை மாற்றி வாசித்தார்கள். எது வரும் என்று தெரியாமலேயே வந்து நிற்கும் ஒரு கூட்டத்தை அவர்கள் இத்தனை ஆண்டுகளில் உருவாக்கியிருந்தார்கள்.

ஆகவே, அந்தப் பாட்டை வைப்பதா நீக்குவதா என்று சண்டையிட்டுக் குழுவை உடைத்துக்கொள்ளாதே, அம்மா. சில நிகழ்ச்சிகளுக்கு அதை முற்றிலும் விட்டுப் பாருங்கள். வேறு சிலவற்றில் அதைக் கடைசியில் வைக்காமல் தொடக்கத்திலேயே பாடிவிட்டு, புதியவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். பதிவு முடியும்வரை காத்திராமல், அரைகுறையாக இருக்கும் பாட்டையும் மேடையில் வாசித்து, அது எங்கே தளர்கிறது என்று கேட்டுத் திருத்துங்கள். அடுத்த நிகழ்ச்சியின் பட்டியல் முடிவானதும் எனக்கும் ஒரு படி அனுப்பு. மேடைக் கூரையைக் கட்டியவர் யார், அதைச் சோதித்தவர் யார் என்பதையும் மறவாமல் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா