கேபிள் இணையத்தில் இரவு நேர வேகத்துக்கு உத்தரவாதம் கோரும் மனு

அனுப்புநர்:
கேபிள் இணையச் சந்தாதாரர்கள்,
தாம்பரம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புது தில்லி.

பொருள்: பகிர்வு கேபிள் இணைப்புகளில் நெரிசல் நேர வேகத்தை வெளியிடவும் உறுதி செய்யவும் விதி வகுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பகுதியில் கேபிள் டிவி வரும் அதே வயரில்தான் இணையமும் வருகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம். காலையில் அந்த வேகம் கிட்டத்தட்ட கிடைத்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல்தான் சிக்கல். பிள்ளைகளின் ஆன்லைன் டியூஷனும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் வீடியோ மீட்டிங்கும் பாதியில் நின்றுபோகின்றன. புகார் செய்தால் வைஃபை கோளாறு என்கிறார்கள். மோடத்தில் நேரடியாக லேன் வயரைச் செருகிப் பார்த்தாலும் அதே நிலைதான்.

ஒரு நோடிலிருந்து (ஒரு பகுதியின் வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துத் தரும் பெட்டி) பிரியும் வயரைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. கேபிள் டிவி வயரில் இணையத்தை அனுப்பும் டாக்சிஸ் 3.0 முறையில் எட்டு சேனல்களை (அலைவரிசைத் துண்டுகளை) சேர்த்தால் அந்த நோடு முழுவதற்கும் கிடைக்கும் டவுன்லோடு வேகம் ஏறக்குறைய 400 எம்பிபிஎஸ். அதில் 200 வீடுகளுக்குத் தலா 100 என்று விற்றால், விற்ற கணக்கு 20,000 எம்பிபிஎஸ்! பகிர்வதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லா வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தை இழுப்பதில்லை. மாதச் சந்தா கட்டுப்படியாவதும் அதனால்தான். ஆனால் ஒரு நோடில் எத்தனை வீடுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது பணம் கட்டுபவருக்குத் தெரியவே தெரியாது என்பது நியாயமில்லை. அப்லோடுக்கு ஒதுக்கியிருக்கும் அலைவரிசையோ இன்னும் குறுகியது. ஒரு வீட்டில் கனெக்டர் தளர்ந்தால்கூட அதன் வழியே வயரில் புகும் மின் இரைச்சல் நோடில் உள்ள எல்லோரையும் பாதிக்கும்.

2006-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் தர விதிமுறைகளிலேயே, சந்தா வேகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று ஆணையம் வரையறுத்திருந்தது. அந்த அளவை நெரிசல் நேரத்தில், சந்தாதாரர் வீட்டு மோடத்திலேயே சோதிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் முதன்மைக் கோரிக்கை. 2023-இல் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என உயர்த்தப்பட்டது. ஆனால் 100-க்குப் பணம் கட்டியவருக்கு இரவில் 5 மட்டும் கிடைத்தாலும் அது பிராட்பேண்ட் கணக்கில் வந்துவிடுகிறது. அப்புறம் எங்கே போய் முறையிடுவது?

ஆகவே, இரவு 8 முதல் 11 மணி வரை கிடைக்கும் சராசரி வேகத்தைத் திட்டத்தின் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். நோடின் பயன்பாடு ஆணையம் நிர்ணயிக்கும் வரம்பைத் தாண்டினால், குறித்த காலத்துக்குள் அதன் வீடுகளை ஒன்றுக்கு மேற்பட்ட நோடுகளாகப் பிரிக்க வேண்டும். அதுவரை அந்த நோடில் புதிய இணைப்பு தரக்கூடாது. வேகம் தொடர்ந்து குறைந்தால், நாங்கள் கேட்காமலே அடுத்த பில்லில் சந்தாவைக் குறைக்க வேண்டும்.

தனிப்பட்ட புகார்களை ஆணையம் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதை அறிவோம். அதனால்தான் ஒரு நிறுவனத்தின் மீது புகாராக இல்லாமல், எல்லோருக்கும் பொருந்தும் விதியாகக் கேட்கிறோம். வேகச் சோதனைப் பதிவுகளை நேரத்துடன் சேர்த்து இணைத்துள்ளோம். ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தாம்பரம் பகுதிச் சந்தாதாரர்கள்