புலி சுட்டவர் மட்டும்தானா கார்பெட்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பகுதியில் ஜிம் கார்பெட் பற்றி நீங்கள் போட்டிருந்த அரைப் பக்கத்தை என் பேத்தி எடுத்துவந்து காட்டினாள். செத்த புலிக்குப் பக்கத்தில் தொப்பியோடு அவர் நிற்கும் படம். அதன் கீழே ஆட்கொல்லிகளின் கணக்கு: சம்பாவத் பெண்புலி, கொன்றது 436 பேரை, 1907-ல் சுட்டார். அப்புறம் ருத்ரபிரயாகைச் சிறுத்தை, கொன்றது 125 பேரை, 1926-ல் சுட்டார். எதிலும் தப்பில்லை. ஆனால் படித்து முடித்ததும் அவள், "தாத்தா, இவர் வேட்டைக்காரர், அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதில் கொஞ்சத்தை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லத் தோன்றியது.

நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்கு முதலில் தெரிவது சிப்பாய் கார்பெட்தான். 1914-ல் உலகப் போர் தொடங்கியதும் படையில் சேரப் போனார். வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். 1917-ல் ஆள் தேவைப்பட்டபோது அதே மனிதரைக் கேப்டனாக்கினார்கள். இமயமலைப் பக்கம், அவருடைய சொந்தப் பகுதியான குமாவுனின் மலைக் கிராமங்களில் இருந்து 500 பேரைத் திரட்டி பிரான்சுக்குக் கூட்டிப்போனார். சண்டை போடுகிற படை இல்லை அது, தொழிலாளர் படை. போர்முனைக்குப் பின்னால் உழைப்பதற்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கடலையே பார்த்திராதவர்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயம் இருந்த காலம் வேறு. அந்த 500 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

ஒரு கம்பெனி கமாண்டர் எப்படிப்பட்டவர் என்பதை மெடல்களை வைத்து நாங்கள் எடை போடுவதில்லை. எத்தனை பேரைக் கூட்டிப்போனார், எத்தனை பேரை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார் என்றுதான் பார்ப்போம். அந்தக் கணக்கில் கார்பெட்டுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு அதிகம் பேரைத் தெரியாது.

இரண்டாம் உலகப் போரிலும் அவர் சும்மா இருக்கவில்லை. பர்மா காட்டுக்குப் போக வேண்டிய படைகளுக்குக் காடு என்றால் என்னவென்று தெரியாது. 1944-ல், எழுபதைத் தொடப்போகிற வயதில், லெப்டினன்ட் கர்னல் பதவியில் மத்திய இந்தியாவுக்குப் போய் அவர்களுக்குப் பாடம் எடுத்தார். எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தக் காயைத் தின்னலாம், தடம் எப்போது பதிந்தது, பறவை எதற்குக் கத்துகிறது. இதையெல்லாம் அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை.

நைனிடால் என்ற சின்ன மலை நகரத்தில் 1875 ஜூலை 25 அன்று பிறந்தவர். அப்பா அங்கே போஸ்ட்மாஸ்டர். ஐந்து வயதில் அப்பாவை இழந்தார். குளிர்காலத்தில் குடும்பம் மலையடிவாரக் காலாதூங்கிக்கு இறங்கிவிடும். அங்கே சின்னப் பையன் கையில் கிடைத்தது ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. வலது குழலில் நீளமாக ஒரு விரிசல். கட்டையும் குழலும் பிரிந்துவிடாமல் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கும். சுட முடிகிற குழல் ஒன்றுதான், அதையும் சுட்டுவிட்டால் குழல் வாய் வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்ப வேண்டும். அப்படியொரு துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறவன் காதைத்தான் நம்பியாக வேண்டும். புள்ளிமான் கத்தினால் என்ன அர்த்தம், லங்கூர் குரங்கு கத்தினால் என்ன அர்த்தம், கடமான் ஏன் திடீரென்று பேசாமல் நிற்கிறது என்று அவர் கற்றது அங்கேதான்.

வடக்கே பணியில் இருந்தபோது ஒருமுறை விடுப்பு எடுத்துக் காலாதூங்கிக்குப் போயிருக்கிறேன். அவருடைய வீடு இப்போது அருங்காட்சியகம். அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பக்கத்துச் சோட்டி ஹல்த்வானி கிராமத்துச் சுவர்தான். அந்தக் கிராமத்து நிலத்தை வாங்கிக் குடியானவர்களை வைத்திருந்தார் கார்பெட். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கி விளைச்சலை நாசம் செய்ததால் தன் காசில் ஊரைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பிக்கொடுத்தார். நான் பார்த்த இடத்தில் கல் இடுக்கெல்லாம் பாசி படிந்து, ஒரு பக்கம் சரிந்திருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பச்சைக் கோதுமை, அந்தப் பக்கம் புதர். கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். துப்பாக்கியில் பேர் வாங்கிய மனிதர், பன்றியைச் சுட்டுக்கொண்டே இராமல் சுவர் கட்டியிருக்கிறாரே என்றுதான் அப்போது தோன்றியது. 1947-ல் அக்காள் மேகியோடு கென்யாவுக்குப் போகும்போது அந்த நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுவிட்டுப் போனார். ஊர் ஜனங்கள் வாயில் அவர் பெயர் 'கார்ப்பெட் சாகிப்'.

அவர் ஆட்கொல்லிகளை மட்டுமே சுட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து மற்றவர்களைப் போல் அவரும் வேட்டைக்காகச் சுட்டவர்தான். 1930-ல் அவர் சுட்ட, பேர்போன பவல்கர் ஆண்புலி யாரையும் கொன்றதில்லை. இதையும் குழந்தைகளிடம் மறைக்க வேண்டாம். அப்புறம் அவரே மாறினார். துப்பாக்கியைத் தள்ளிவைத்துவிட்டுக் கேமராவோடு காட்டில் மணிக்கணக்காகக் காத்திருந்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உழைத்தவர்களில் அவரும் ஒருவர். இன்று அது அவர் பெயரில்தான் இருக்கிறது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அங்கேதான். சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள் பழைய குண்டடியில் உடைந்து போயிருந்ததை அவர்தான் பார்த்து எழுதிவைத்தார். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது. 436 என்று எண்ணைப் போடும்போது இதையும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

இன்னொன்று. 1944-ல் வெளியான அவருடைய முதல் பெரிய புத்தகத்தின் வருமானத்தை, போரில் கண் பார்வை இழந்த இந்தியச் சிப்பாய்களின் பயிற்சி இல்லத்துக்குக் கொடுத்தார். இதைப் படித்துக் காட்டியபோது என் பேத்தி, "கண்ணு தெரியாதவங்க எப்படித் தாத்தா சிப்பாயா இருப்பாங்க?" என்று கேட்டாள். போருக்குப் போகும்போது தெரிந்தது கண்ணு, வரும்போது தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அந்தப் பக்கத்தை எடுத்து, படத்துக்குக் கீழே பென்சிலால் 'சிப்பாய்' என்று எழுதிக்கொண்டாள்.

கார்பெட் 1955 ஏப்ரல் 19 அன்று கென்யாவின் நியெரியில் காலமானார். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது செத்த புலி படம் வேண்டாம். அந்தக் கல்சுவரை நான் எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய ஃபிலிம் கேமராவில் எடுத்தது, ஓரம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். போட முடியுமா பாருங்கள்.

அன்புடன்,
முன்னாள் படைவீரர் ஒருவர்