ஆறு மாதம் என்பது பதினைந்து வாரம்

அன்பு மகளுக்கு,

விசா கையில் வந்துவிட்டது என்றாய், நிம்மதி. துணிமணி, மருந்து மாத்திரையெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வாள். வெளிநாட்டு லேப்பில் நீ இருக்கப்போகும் ஆறு மாதத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆறு மாதம் என்றால் 26 வாரம். அடையாள அட்டை, கணினிக் கணக்கு, பாதுகாப்புப் பயிற்சி என்று 3 வாரம் போகும். கருவியைத் தனியாகத் தொட அனுமதி கிடைக்க 2. உனக்குத் தெரிந்த முடிவு ஒன்றை அங்கே மறுபடி எடுத்துப் பார்க்க 2. விடுமுறைகளுக்கு 1. கடைசியில் மூட்டை கட்ட 3. மிச்சம் 15. அதனால் மூன்று கேள்விகளைச் சுமந்துகொண்டு போகாதே. இங்கே செய்யவே முடியாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போ. பயிற்சி வகுப்புகளைக் குறித்த தேதிகளில்தான் வைப்பார்கள். ஒன்றைத் தவறவிட்டால் வாரக்கணக்கில் கருவியை வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். கிளம்பும் முன்பே எழுதிக் கேட்டுப் பெயர் கொடுத்துவிடு.

தெரிந்த முடிவை எதற்கு மறுபடி எடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றும். குழாய்களை வேகமாகச் சுற்றித் திரவத்திலிருந்து படிவைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜை எடுத்துக்கொள். உன் நோட்டில் '13,000 ஆர்பிஎம், 10 நிமிடம்' என்றுதான் இருக்கும், அதாவது நிமிடத்துக்கு 13,000 சுற்று. குழாயின் மேல் விழும் விசை, குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் ஆரத்தையும் பொறுத்தது: 1.118ஐ 1,00,000ஆல் வகுத்து, சென்டிமீட்டரில் ஆரத்தால் பெருக்கி, ஆர்பிஎம்மின் வர்க்கத்தாலும் பெருக்க வேண்டும். ஆரம் 6 செ.மீ. என்றால் அதே 13,000க்கு சுமார் 11,300 ஜி (புவியீர்ப்பைப் போல 11,300 மடங்கு), 8.4 செ.மீ. என்றால் சுமார் 15,900 ஜி. அங்கே ஆரம் சிறியதாக இருந்தால் விசை குறைந்து, படிவு சரியாக இறங்காமல் மேல்திரவத்தோடு போய்விடும்; நீ வேதிப்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். கிளம்புமுன் செய்முறை முழுவதையும் ஜி கணக்குக்கு மாற்றி எழுது. தண்ணீர், பிளாஸ்டிக் குழாய், ஆன்டிபாடியின் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது) என்று மாறக்கூடியவை இன்னும் நிறைய உண்டு. பழைய முடிவு அங்கேயும் வந்த பிறகுதான் புதியதைத் தொடு.

எண்களிலும் ஒரு கண் வை. சில நாடுகளில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். அந்தக் கணினியில் 1,234 என்று சேமித்ததை உன் கணினி ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு என்று படித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, வரைபடம் மட்டும் விநோதமாக இருக்கும். தேதியும் அப்படித்தான். 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. குழாயிலும் கோப்பிலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே எழுது.

நுண்ணோக்கிப் படங்களை ஜேபெக்காக மட்டும் எடுத்து வராதே. ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்ற தகவல் அதில் தொலைந்துபோகும். பிறகு படத்தில் அளவைக் காட்டும் கோடான ஸ்கேல் பார் போட வழியிருக்காது. கருவி தரும் மூலக் கோப்பையே எடு. அது எந்த மென்பொருளில் திறக்கும் என்று அங்கே இருக்கும்போதே உன் மடிக்கணினியில் திறந்து பார்த்துவிடு. மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பல இடங்களில் கடைசி நாளோடு உன் மின்னஞ்சலும் சர்வர் அனுமதியும் நின்றுவிடும். எது எப்போது நிற்கும் என்று முதல் மாதமே கேட்டு வை.

பலர் சறுக்குவது சாம்பிள்களில். சாம்பிளை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகப் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் அதில் கையெழுத்துப் போடுவது பேராசிரியர் அல்ல, நிறுவனம், மாதக்கணக்கில் இழுக்கும். கடைசி வாரம் தொடங்கினால் சாம்பிள் அங்கே, நீ இங்கே. முதல் வாரமே விண்ணப்பத்தைப் போடு. செடி, விலங்கு, நுண்ணுயிர் என்றால் 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை (உயிர்வளத்தைப் பயன்படுத்தினால் அதைத் தந்த நாட்டோடு பயனைப் பகிர வேண்டும் என்ற உலக ஒப்பந்தம்) பொருந்துமா, இறக்குமதி அனுமதி தேவையா என்றும் கேள்.

சாம்பிளைக் குளிரில் வைத்து அனுப்பும்போது டிரை ஐஸை, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடை, தாராளமாகப் போடு. சாதாரணத் தெர்மாகோல் பெட்டியில் நாளுக்கு 2 முதல் 5 கிலோ வரை ஆவியாகும். பயணம் மூன்று நாள் என்றால் ஆறு நாளுக்குப் போடு, சுங்கத்தில் நிற்கும். திங்கட்கிழமை அனுப்பு, வெள்ளியன்று அனுப்பினால் சனி ஞாயிறு கிடங்கில் கிடக்கும். பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடாதே: ஒரு கிலோ டிரை ஐஸ் சுமார் 500 லிட்டர் வாயுவாகும், வெளியேற வழியில்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். பெட்டிமேல் டிரை ஐஸுக்கான யூஎன் 1845 என்ற எண்ணும் நிகர எடையும் இருக்க வேண்டும். ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அங்கேயே விட்டுவிட்டு வா. டிஎன்ஏ மட்டும் போதும் என்றால் உலர்த்தி அனுப்பு, இந்த வம்பே இல்லை.

கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்ற பேச்சைத் தள்ளிப்போடாதே. முடிவு வந்தபின் கேட்டால் சண்டை மாதிரி இருக்கும். முதல் மாதம் கேட்டால் வெறும் கேள்விதான். வந்த அன்று நீட்டும் படிவங்களில் அறிவுசார் சொத்துரிமையை எழுதிக் கொடுப்பதும் ஒன்றாக இருக்கலாம். படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு பிரதியை உன் கைடுக்கும் அனுப்பு.

பவர் பேங்க்கைக் கைப்பையில் வை. செக்-இன் பெட்டியில் அதை விட மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் அந்த ரோட்டரின் ஆரம் எவ்வளவு என்று எழுது. இங்கே உள்ளதோடு சேர்த்துக் கணக்குப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா