கையெழுத்துப் போடும் முன்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகளின் மோசடி பற்றி உங்கள் இதழில் படித்தேன். முறையான விசாவில், சம்பளம் ஒழுங்காகத் தரும் கம்பெனிக்குப் போனவனுக்கும் ஒரு ஆபத்து உண்டு. எங்கள் வீட்டில் நடந்ததால் எழுதுகிறேன்.

உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். என் அக்கா மகன் வளைகுடா நாடு ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். சென்ற ஆண்டு ஒரு ராத்திரி, எட்டுப் பேர் தங்கியிருந்த அறைக்குப் போலீஸ் வந்தது. ஸ்டோரில் செம்புக் கேபிள் காணவில்லையாம். சோதனையில், எல்லோருக்கும் பொதுவான அலமாரிக்கு அடியில் இரண்டு சுருள் வயர் கிடைத்தது. அலமாரியை ஒட்டிக் கிடந்தது இவன் கட்டில். இவனைக் கூட்டிப்போய்விட்டார்கள். ஸ்டேஷனில் அரபியில் எழுதிய இரண்டு தாள்களை நீட்டியதும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"ஏண்டா போட்ட?" என்று பிறகு கேட்டேன். "ஸ்டேஷன்ல எழுதி வாங்குறது கோர்ட்டுல நிக்காதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல மாமா, அதான்" என்றான்.

அவன் சொன்னது இங்கே சரி. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க நம் சாட்சியச் சட்டம் விடாது. வீட்டைச் சோதித்தால் அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி நிற்க வேண்டும், எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் தர வேண்டும். 2024 ஜூலையிலிருந்து வீடியோவும் எடுக்க வேண்டும். அங்கே அந்த நாட்டுச் சட்டம்தான். அது என்னவென்று போகிறவர்களுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தான். திருட்டு நடந்த இரவில் அவன் வேறு சைட்டில் நைட் ஷிப்ட் பார்த்ததற்கு விரல்ரேகைப் பதிவு இருந்தது. மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகுதான் அதை அவனால் சொல்லவே முடிந்தது. விடுதலையானான், ஆனால் கம்பெனி விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டது. அக்கா அடகு வைத்த நகை இன்னும் திரும்பவில்லை.

நம் தூதரகத்துக்கு விஷயம் தெரிந்ததே பத்தொன்பதாம் நாள், அறைத்தோழன் ஒருவன் சொல்லி. தூதரக உறவுகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவின்படி, கைதான வெளிநாட்டவரிடம் "உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்கும்படி நீ கேட்கலாம்" என்று போலீஸ் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தாமதிக்காமல் தகவல் கொடுக்க வேண்டும். பாகிஸ்தான் பிடித்துவைத்த இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா இதே பிரிவை வைத்து வாதாடி, 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்பு வாங்கியது. தூதரக அதிகாரியால் விடுவிக்க முடியாது. ஆனால் நேரில் பார்க்கலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி செய்ய 2009 முதல் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. இதில் ஒன்றும் எங்கள் குடும்பத்துக்குத் தெரியாது. ஏஜென்ட் வீட்டுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைந்தோம், அவ்வளவுதான்.

மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விமான நிலையத்திலும் இதைத் தமிழில் ஒரு பலகையாக வையுங்கள் என்று அரசைக் கேட்கிறேன். புறப்படும் முன் வெளியுறவு அமைச்சகம் நடத்தும் பயிற்சியில், "எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்ற வரியை அந்த நாட்டு மொழியில் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும். உங்கள் இதழும் தூதரக எண்களோடு இதை அடிக்கடி வெளியிட வேண்டும்.

அடுத்த மாதம் அவன் வேறு நாட்டுக்கு மறுபடி போகிறான். அந்த வரியை அந்த நாட்டு மொழியில் எழுதி வாங்கி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
உசிலம்பட்டி