சோலைக்காட்டுப் புல்லுருவிகளை வெட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் வட்டாரத்தில் புல்லுருவி மண்டிவிட்டதென்றும், சோலைகள் எனப்படும் மலைக்காடுகளிலும் அதை அடியோடு வெட்டி அகற்ற வேண்டுமென்றும் அண்மைக்காலமாகச் சிலர் வலியுறுத்தி வருகின்றனர். பேரிக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர் தம் மரத்திலிருந்து அதைக் கிளையோடு கழித்துவிடுவது நியாயமே. விட்டால் காய்ப்புக் குறையும், கிளையும் பட்டுப்போகும். அந்த நியாயத்தைச் சோலைக்குப் பொருத்துவது பெருந்தவறு.

புல்லுருவி பச்சை இலையுள்ள அரை ஒட்டுண்ணி. உணவைத் தானே தயாரித்துக்கொண்டு, நீரையும் தாது உப்புகளையும் மரத்திலிருந்து உறிஞ்சுகிறது. மண்ணையே தொடாத இச்செடியின் விதையைக் கிளைக்குக் கிளை கொண்டுசேர்ப்பதில் நீலகிரிப் பூக்கொத்திக்குப் பெரும்பங்கு உண்டு. சிட்டுக்குருவியைவிடச் சிறிய அப்பறவை விழுங்கிய பழத்தின் விதை, பசை நீங்காமலே வெளிவருவதால், உடலின் பின்புறத்தைக் கிளையில் தேய்த்துத்தான் அதை விடுவித்துக்கொள்ள முடிகிறது. ஒட்டிய விதையின் முளை வெளிச்சத்தை விட்டு விலகி மரப்பட்டையை நோக்கி வளைகிறது. நுனி பட்டதும் வட்டமாகப் பரந்து பற்றிக்கொண்டு, அதன் அடியிலிருந்து உறிஞ்சு வேரை உள்ளே செலுத்துகிறது. சில இனங்களின் மொட்டுகளோ பறவையின் அலகு பட்டால்தான் வெடித்துத் திறந்து மகரந்தத்தைச் சிதறுகின்றன. இத்தனை நுட்பமான ஏற்பாட்டைக் களை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இறகின் அடிப்புறத்தில் மஞ்சளும் சிவப்புமாக மின்னும் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் கூட்டமாக மேய்வதும் புல்லுருவி இலைகளைத்தான். மரங்கள் பொதுவாக இலை உதிர்க்குமுன் அதன் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். புல்லுருவிகளோ பெரும்பாலும் சத்தோடு உதிர்ப்பதால், கீழே மண்ணும் அதிலுள்ள பூச்சிகளும் செழிக்கின்றன. ஆஸ்திரேலியக் காட்டுத் துண்டுகள் சிலவற்றில் புல்லுருவிகளை முற்றிலும் அகற்றிப் பார்த்தபோது, மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பறவையினங்கள் அங்கிருந்து மறைந்தன என்று 2012இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மறைந்தவற்றுள் பழந்தின்னிகளைக் காட்டிலும் தரையில் பூச்சி தேடும் பறவைகளே மிகுதி என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

சோலையின் உட்பகுதியைவிட, வெயில் படும் ஓரங்களிலும் தனித்து நிற்கும் மரங்களிலுமே புல்லுருவி அடர்ந்து காணப்படுவது வழக்கம். ஆகவே அது மிகுந்திருக்கும் இடத்தில் சோலை துண்டாடப்பட்டிருக்கிறதா என்பதையே முதலில் ஆராய வேண்டும். வனத்துறையினர் சோலைப் புல்லுருவிகளில் கை வைக்காமல், சீகை எனப்படும் அயல்நாட்டு வாட்டில் மரங்கள் சோலை ஓரங்களையும் புல்வெளிகளையும் ஆக்கிரமிப்பதைத் தடுப்பதில் ஆட்களையும் நிதியையும் செலுத்த வேண்டும் என்றும், தோட்டங்களில் கழிப்பவர்கள் பழம் பழுக்குமுன் கழிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கொடைக்கானல்.